வீட்டிலேயே நட் பட்டர்: பாதியில் கை வைக்காமல் இருந்தால் போதும்

முதல் முறை பீநட் பட்டர் அரைத்தபோது மூன்றாவது நிமிடத்திலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜாரைத் திறந்து பார்த்தால், ஈர மணல் மாதிரி ஒரு பொடி ஓரமெல்லாம் அப்பிக்கொண்டு நிற்கிறது. பிளேடு நடுவில் வெறுமனே சுற்றுகிறது. காய்ந்துபோய்க் கிடப்பதால்தான் அரைபடவில்லை என்று நானே முடிவு செய்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். அடுத்த சுற்றில் எல்லாம் சேர்ந்து களிமண் உருண்டையாக இறுகிவிட்டது. அதை இளக்க இன்னும் தண்ணீர். கடைசியில் கிடைத்தது வெளிறிப்போன ஒரு கூழ். மூன்றாம் நாள் அதில் ஒரு மாதிரி வாடை வர, குப்பைக்குப் போனது.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, இன்னும் நான்கைந்து நிமிடம் அரைப்பது மட்டும்தான். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில் என்பதால், கீழே அரைக்கும் கட்டத்தைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் எளிது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். பாதாமும் அப்படித்தான். முந்திரியிலும் பிஸ்தாவிலும் சற்றுக் குறைவு, 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வால்நட்டில் சுமார் 65, மக்கடாமியாவில் 75 சதவீதம் வரை போகும். இவ்வளவு எண்ணெய் இருந்தும் ஒரு கடலையைக் கையில் எடுத்தால் பிசுபிசுப்பதில்லை. காரணம், அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் துளிகளாக, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது.

பிளேடு சுற்றும்போது முதலில் பருப்பு உடைகிறது. அப்புறம் பொடியாகிறது. அதற்கும் பிறகுதான் செல்சுவர்கள் போதுமான அளவு கிழிந்து எண்ணெய் வெளியே வரத் தொடங்கும். வந்த எண்ணெய் பொடித்துகள்களைச் சுற்றிப் பரவி, அவற்றை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போக விடும்போது கெட்டியான பொடி இளகிய விழுதாக மாறிவிடும். அதாவது, நட் பட்டர் என்பது பருப்புத் துகள்கள் தங்கள் சொந்த எண்ணெயிலேயே மிதப்பதுதான். வெளியிலிருந்து எதுவும் ஊற்றத் தேவையில்லை.

தண்ணீர் விட்டால் ஏன் இறுகுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். பருப்பில் இருக்கும் புரதம், மாவுச்சத்து, சர்க்கரை எல்லாமே நீரை விரும்புபவை. எண்ணெய்க்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் வந்தால் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உருக்கிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கட்டிதட்டிப் போகுமே, அதே கதைதான்.

எந்தப் பருப்பில் தொடங்குவது?

முதல் முறை என்றால் யோசிக்காமல் வேர்க்கடலையை எடுங்கள். மென்மையானது, சீக்கிரம் எண்ணெய் விடும், தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். தாவரவியல்படி அது அவரை, துவரை மாதிரிப் பயறு வகைச் செடிதான், நட்டே கிடையாது. அரைக்கும்போது அந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. இரண்டாவதாக முந்திரி. பாதாமை மூன்றாவது, நான்காவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவை நன்றாக இருக்கும், ஆனால் மிக்ஸியையும் மனசையும் ஒருசேரச் சோதித்துவிடும்.

உப்பில்லாத, எண்ணெயில் பொரிக்காத, பச்சைப் பருப்பாக வாங்கினால் வறுவலை உங்கள் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வறுத்ததை வாங்கினாலும் தவறில்லை. அதை ஐந்து நிமிடம் சூடுபடுத்தினால் போதும்.

வாங்கியதும் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். இந்த வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கறுப்புப் புள்ளி விழுந்தது, பூஞ்சை ஒட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். சரியாகக் காயாத கடலையில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்கும். கல்லீரலைப் பாதிக்கும் அந்த நச்சு வறுப்பதால் முழுமையாக அழியாது. ‘வறுத்தால் சரியாகிவிடும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பையைத் திறந்ததுமே பூஞ்சை வாடை அடித்தால் பையையே திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் இரண்டு மூன்றை எடுத்து வாயில் போட்டு மெல்லுங்கள். காறல் சுவை தெரிந்தால், அதாவது பழைய எண்ணெய் மாதிரியோ பெயின்ட் மாதிரியோ ஒரு சிக்கு வாடை மூக்கில் ஏறினால், எண்ணெய் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். அரைத்த பிறகு அது இன்னும் எடுப்பாகத் தெரியும். வால்நட்டில் இது அடிக்கடி நடக்கும்.

என்னென்ன வேண்டும்?

பருப்பு 300 கிராம். தூள் உப்பு கால் முதல் அரை டீஸ்பூன். ஈரமில்லாத கண்ணாடி பாட்டில் ஒன்று, 300 மில்லி அளவில். வளைந்து கொடுக்கும் சிலிக்கான் கரண்டி ஒன்று. அப்புறம் மிக்ஸி அல்லது ஃபுட் பிராசஸர். இவ்வளவுதான் பட்டியல்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘கொஞ்சமாகச் செய்து பார்க்கலாம்’ என்று ஐம்பது கிராமைப் போட்டால், அது பிளேடுக்கு எட்டாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிளேடு முழுக்க மூழ்குகிற அளவாவது பருப்பு இருக்க வேண்டும்; ஜாரில் பாதிக்கு மேலும் போகக் கூடாது. மிக்ஸியின் பெரிய ஜாரைவிட, அடி குறுகிய நடுத்தர ஜார்தான் இதற்கு வசதி. சின்ன ஜார் மட்டும்தான் இருக்கிறது என்றால் 150 கிராம் வீதம் இரண்டு தடவையாக அரையுங்கள். ஃபுட் பிராசஸரில் 400, 500 கிராம் வரை தாராளமாகப் போடலாம். மெதுவாகத்தான் அரைக்கும், ஆனால் சூடு தாங்கும்.

ஜார், மூடி, பிளேடு, கரண்டி எல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். கழுவிக் கவிழ்த்த ஜாரில் பிளேடுக்கு அடியில் ஒரு சொட்டு ஒளிந்துகொண்டிருக்கும். துணியால் துடைத்துவிட்டு ஜாரை ஒரு முறை வெறுமனே ஓட்டி, மறுபடி துடைத்துவிடுங்கள்.

வறுப்பது

வறுத்தால் மூன்று காரியம் நடக்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் போகிறது. பருப்பு மொறுமொறுப்பாகி எளிதில் உடைகிறது. மூன்றாவது, மணம். பச்சைக் கடலையில் இல்லாத அந்த வறுத்த மணம், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து உண்டாக்குவது. அதோடு, பச்சைப் பருப்பில் சால்மொனெல்லா மாதிரி கிருமிகள் இருந்தால் வறுவலில் பெருமளவு குறையும். அவை எண்ணெய்ப் பதமான உலர் உணவில் பெருகாது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் தங்கக்கூடியவை. இந்தக் காரணங்களுக்காகவே பச்சையாக அரைப்பதை முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பச்சைப் பருப்பு அரைபட இரு மடங்கு நேரமும் பிடிக்கும்.

ஓவன் இருந்தால் 170 டிகிரி செல்சியஸில் வைத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தோலுள்ள பச்சை வேர்க்கடலைக்கு 15 முதல் 20 நிமிடம், பாதாமுக்கு 10 முதல் 12, முந்திரிக்கும் வால்நட்டுக்கும் 8 முதல் 10 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிவிடுங்கள். ஓவனுக்கு ஓவன் சூடு மாறும் என்பதால் கடிகாரத்தைவிட மூக்கை நம்புவது நல்லது. மணம் அறை முழுக்கப் பரவத் தொடங்கியதும் ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள்; உள்ளே இளம் பழுப்பு நிறம் வந்திருந்தால் போதும்.

அடுப்பில் என்றால் அடி கனமான வாணலி, மிதத்துக்கும் குறைவான தீ, இடைவிடாத கிளறல். 300 கிராமுக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். அந்தக் கருகல் கசப்பை உப்போ தேனோ எதுவும் மறைக்காது. அடுப்பை அணைத்த பிறகும் வாணலிச் சூட்டில் பருப்பு வறுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே இறக்கி, உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள்.

வேர்க்கடலையின் தோலை ஓரளவு ஆறியதும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கசக்கினால் கழன்றுவிடும். தட்டைச் சாய்த்து ஊதினால் பறந்துவிடும். இந்த வேலையை வீட்டுக்கு வெளியே செய்வது குடும்ப அமைதிக்கு நல்லது. ஹேசல்நட்டை ஒரு பருத்தித் துணியில் கட்டித் தேய்க்க வேண்டும். நூறு சதவீதம் போக வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டிருக்க வேண்டாம். கொஞ்சம் தோல் தங்கினால் சிறு துவர்ப்பு, புள்ளி புள்ளியாக நிறம், அவ்வளவுதான். பாதாமைத் தோலோடே அரைக்கலாம். வெள்ளையாக வேண்டும் என்றால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து உரிக்கலாம்; ஆனால் உரித்த பிறகு ஈரம் முழுக்கப் போகும்வரை ஓவனில் உலர்த்தியாக வேண்டும். ஊறவைத்த பருப்புக்கும் இதே விதி. ஊறவைத்ததை அப்படியே மிக்ஸியில் போட்டால் நட் பட்டர் வராது, வேறு ஏதோ ஒரு விழுதுதான் வரும்.

வறுத்ததை எவ்வளவு ஆறவிடுவது? கை பொறுக்கும் சூட்டில், வெதுவெதுப்பாக இருக்கும்போது அரைப்பதுதான் சிறந்தது. சூட்டில் எண்ணெய் நீர்த்து எளிதாக வெளியே வரும். 1884இல் கனடாக்காரரான மார்செல்லஸ் கில்மோர் எட்சன் கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கியபோது அவர் விவரித்ததும், வறுத்த கடலையைச் சூடேற்றிய பரப்புகளுக்கு இடையே அரைத்து இளக வைப்பதைத்தான். ஆனால் ஆவி பறக்கும் சூட்டில் மூடி போட்டு அரைக்காதீர்கள். ஆவி மூடியில் நீராகி உள்ளேயே சொட்டும். மோட்டாரும் சீக்கிரம் சூடேறும்.

அரைப்பது

இனிமேல்தான் விஷயமே. கீழே சொல்லும் நேரங்கள் வறுத்த வேர்க்கடலைக்கு, சாதாரண வீட்டு மிக்ஸிக்கு. உங்கள் இயந்திரத்தில் முன்பின் ஆகலாம், ஆனால் கட்டங்களின் வரிசை மாறாது.

முதலில் பல்ஸ் முறையில் விட்டுவிட்டு ஏழெட்டுத் தடவை ஓட்டுங்கள். பருப்பு சின்னத் துண்டுகளாகும். கடக்குமுடக்கு என்று பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம். கடிபடுகிற மாதிரி ‘கிரஞ்சி’ வகை வேண்டும் என்பவர்கள் இந்த நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டித் துண்டுகளை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். கடைசியில் கலக்கலாம். இதைவிட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

அப்புறம் நடுத்தர வேகத்தில் முப்பது வினாடி. திறந்து பார்த்தால் உலர்ந்த பொடி. ஓரத்தில் ஒட்டியதை வழித்து நடுவுக்குத் தள்ளி, மறுபடி முப்பது வினாடி. இப்போது பொடி கொஞ்சம் ஈரமாகத் தெரியும், விரலால் அழுத்தினால் பிடிபடும். நான் தண்ணீர் ஊற்றியது இந்த நேரத்தில்தான்.

இங்கிருந்து அடுத்த மூன்று நான்கு நிமிடங்கள் ஒரே மாதிரி போகும்: முப்பது நாற்பது வினாடி அரைப்பது, நிறுத்துவது, வழிப்பது, மறுபடி அரைப்பது. பொடி கட்டி கட்டியாகச் சேரும். சில சமயம் ஒரே பெரிய உருண்டையாகி ஜாரைச் சுற்றிச் சுற்றி ஓடும். மோட்டாரின் சத்தம் கனத்து, முக்கிக்கொண்டு சுற்றுகிற மாதிரி கேட்கும். பார்க்கிற யாருக்கும் ‘இது தேறாது’ என்றுதான் தோன்றும். உண்மையில் எண்ணெய் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இந்த உருண்டைதான் அடையாளம். எதையும் ஊற்றாதீர்கள். உருண்டையைக் கரண்டியால் உடைத்துப் பரப்பிவிட்டுத் தொடருங்கள்.

பிறகு திடீரென்று ஒரு மாற்றம். உருண்டை தளர்ந்து அடியில் படியும், மேற்பரப்பில் பளபளப்பு வரும், மோட்டார் சத்தம் மறுபடி இலேசாகும். சத்தம் மாறுவதைக் கேட்டே திறக்காமல் சொல்லிவிடலாம். இந்தக் கணத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை நீங்கள் பதறமாட்டீர்கள். இதற்கு மேல் ஒரு நிமிடம் அரைத்தால் கரண்டியில் தடவும் பதம். இரண்டு நிமிடம் அரைத்தால் தேன் மாதிரிச் சாய்த்து ஊற்றும் பதம். சூடாக இருக்கும்போது ஜாரில் தெரிவதைவிட ஆறிய பிறகு விழுது ஒரு படி கெட்டியாகும். அதனால் வேண்டியதைவிடச் சற்று இளக்கமாகவே நிறுத்துங்கள்.

மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு மிக்ஸிகள் இவ்வளவு நேரம் கனமான விழுதை அரைக்கப் பிறந்தவை அல்ல. ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். விட்டுவிட்டு ஓட்டியது மொத்தம் இரண்டு நிமிடம் ஆனதும் மூன்று நான்கு நிமிட ஓய்வு கொடுங்கள். ஜாரின் அடியைத் தொட்டால் கை சுடுகிறதா, ரப்பர் வாடை வருகிறதா, உடனே நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். நடுவில் மிக்ஸி தானாகவே நின்றுவிட்டால் பெரும்பாலும் ஓவர்லோட் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது என்று பொருள். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, அடிப்பகுதியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். ஓய்வு கொடுப்பதால் விழுது கெடாது. என் முதல் பாதாம் பட்டர் நடுவில் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்துதான் முடிந்தது.

வழிக்கும்போது ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்து, ஜாரை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டுத்தான் கரண்டியை உள்ளே விட வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் மாதிரித்தான் தெரியும். இருபதாவது தடவை வழிக்கும்போது கை தானாக அசட்டையாகிவிடும்.

ஒன்பது, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் வேர்க்கடலை உருண்டையாகவே நின்றால், அப்போது மட்டும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்க்கலாம். வாடையில்லாத எண்ணெயாகவோ அதே பருப்பின் எண்ணெயாகவோ இருக்கட்டும். ஒரு டீஸ்பூன் விட்டு ஒரு நிமிடம் அரைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொன்று. பழைய, உலர்ந்துபோன பருப்பிலும், பிளேடு மழுங்கிய ஜாரிலும் இந்த உதவி தேவைப்படும்.

உப்பு, இனிப்பு, மணம்

விழுது இளகிய பிறகுதான் உப்பு. எண்ணெயில் உப்பு கரையாது. கல்லுப்பைப் போட்டால் பல்லில் நறநறவென்று கடிபடும். எனவே மாவு மாதிரித் தூளாக்கிய உப்பைப் போட்டு அரை நிமிடம் ஓட்டுங்கள். 300 கிராமுக்குக் கால் டீஸ்பூனில் தொடங்கி ருசி பாருங்கள். உப்பே போடாத நட் பட்டர் சப்பென்று இருக்கும் என்பது என் கருத்து. இனிப்பானதிலும் ஒரு சிட்டிகை போடத்தான் செய்கிறேன்.

இனிப்பு வேண்டுமென்றால் பொடித்த சர்க்கரை. தேன் ஊற்றினால் விழுது இறுகும், ஏனென்றால் தேனில் ஏறக்குறைய 17, 18 சதவீதம் தண்ணீர். தேன் சுவைதான் வேண்டும் என்பவர்கள் பாட்டிலில் கலக்காமல், சாப்பிடும்போது மேலே ஊற்றிக்கொள்வது நல்லது. வெனிலா எசென்ஸ், பழக்கூழ், பால் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினை. உலர்ந்த பொடிகள் எதுவும் தொல்லை தராது: கோகோ, பட்டைத்தூள், ஏலக்காய்த்தூள், மிளகாய்த்தூள்கூட. கோகோ எண்ணெயை உறிஞ்சும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போட்டால் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் தேவைப்படலாம்.

மற்ற பருப்புகளில் என்ன மாறும்?

முந்திரி சீக்கிரம் மாவாகிவிடும், ஆனால் விழுதாக இளகக் கொஞ்சம் அடம்பிடிக்கும். மாவுச்சத்து அதிகம் என்பதுதான் காரணம். முடிந்ததும் கிடைக்கிற வழுவழுப்பு வேறு எதிலும் வராது. இலேசாக மட்டும் வறுங்கள்.

பாதாமுக்குக் கல்மனம். பொடியாகவும் உருண்டையாகவும் பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தடிக்கும். ஓய்வு நேரத்தையும் சேர்த்தால் அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒரு கசப்புப் பாதாம் உள்ளே போனாலும் முழு பாட்டிலிலும் தெரியும் என்பதால் சந்தேகத்துக்குரியதைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள்.

வால்நட், பீக்கன், மக்கடாமியா மூன்றும் இதற்கு நேர்மாறு. எண்ணெய் மிகுதி, இரண்டு மூன்று நிமிடத்தில் ஒழுகத் தொடங்கிவிடும். வால்நட்டின் தோலில் துவர்ப்பு உண்டு. வறுத்ததும் துணியில் தேய்த்து முடிந்தவரை நீக்குங்கள், அல்லது பாதிக்குப் பாதி முந்திரி சேர்த்து அரையுங்கள். எனக்குப் பிடித்த கலவையும் அதுதான்.

விதைகளும் இதே வழியில் வரும். சூரியகாந்தி விதை கொஞ்சம் மெதுவாக இளகும், ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெய் கேட்கும். அந்தப் பட்டரை வைத்து சமையல் சோடா சேர்த்த பிஸ்கட்டோ கேக்கோ செய்தால் உள்ளே பச்சை நிறமாகிவிடும். கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம். விதையிலிருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்வதால் வரும் நிறம், சாப்பிடலாம். எள் மிகச் சிறியது, பிளேடுக்குக் கீழே நழுவிவிடும். அதைச் சின்ன ஜாரில் போட்டுத் தொடக்கத்திலேயே எண்ணெய் சேர்த்து அரைப்பதுதான் நடைமுறை.

சொதப்பிவிட்டால்?

தண்ணீர் பட்டு இறுகிவிட்டதா? அரைத்துக்கொண்டே இருந்தால் சரியாகாது. அதைப் பட்டராக மீட்க முயற்சி செய்யாமல், வெந்நீரைச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்கிக்கொண்டே போங்கள். முதலில் இன்னும் இறுகும், பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று தளர்ந்து வெளிறிய, கிரீம் மாதிரியான சாஸ் ஆகும். அதில் உப்பு, புளிப்பு, காரம் சேர்த்து அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம். தண்ணீர் கலந்துவிட்டதால் மிச்சம் வைக்காதீர்கள்.

வறட்டுப் பொடியாகவே நிற்கிறது என்றால் அளவு குறைவாக இருக்கலாம். பருப்பு ஆறிப்போயிருந்தால் பொடியை ஓவனில் ஐந்து நிமிடம் சூடாக்கி மறுபடி அரைத்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் இதிலேயே சரியாகும். விழுது இளகிவிட்டது, ஆனால் நாக்கில் சொரசொரப்பு என்றால் இன்னும் இரண்டு நிமிடம். அதற்கு மேலும் போகவில்லை என்றால் அது உங்கள் மிக்ஸியின் எல்லை. ஆலைகளில் அரைக்கிற அளவு நுணுக்கம் வீட்டு பிளேடில் வராது. அந்தச் சொரசொரப்பு எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிலில் வைப்பது

விழுது வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாட்டிலில் ஊற்றுங்கள், ஆனால் முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும். செய்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஓரிரு நாளில் எண்ணெய் மேலே மிதக்கும். இது குறை கிடையாது. எண்ணெய் இலேசானது, துகள்கள் கனமானவை, எனவே அவை மெல்ல அடியில் படிகின்றன. கடையில் வாங்கும் பல பாட்டில்களில் இப்படிப் பிரியாததற்குக் காரணம், அவற்றில் ஹைட்ரஜன் ஏற்றிய கெட்டிக் கொழுப்போ பாமாயிலோ கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அது உறைந்து எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் பாட்டிலுக்கு வழி: மேலே நிற்கும் எண்ணெயைக் கொட்டாமல் அடிவரை கிளறிவிட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது. குளிரில் எண்ணெய் கெட்டியாகிப் பிரிவது மிகவும் மெதுவாகும். கொட்டிவிட்டால் கடைசியில் பாட்டிலின் அடியில் சுரண்டவே முடியாத ஒரு கட்டிதான் மிஞ்சும். வெளியே வைப்பதென்றால் பாட்டிலை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி வையுங்கள்.

வெளியே, வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில் மூன்று வாரம். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம். வால்நட், பீக்கனை வெளியே வைக்கவே வேண்டாம், நேராக ஃப்ரிட்ஜுக்கு, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சாப்பிடும் முன் கால் மணி நேரம் வெளியே எடுத்துவைத்தால் தடவும் பதத்துக்கு வந்துவிடும். எப்போதும் உலர்ந்த கரண்டி. காறல் வாடை வந்தாலோ, மேலே பூஞ்சை தெரிந்தாலோ அந்தப் பகுதியை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முழு பாட்டிலும் போகட்டும்.

யாருக்குக் கொடுக்கிறோம்?

வேர்க்கடலை, மரக்கொட்டைப் பருப்புகள், எள் எல்லாமே ஒவ்வாமை தரக்கூடியவை, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு. செய்து பரிசாகக் கொடுப்பதென்றால் பாட்டிலின் மேல் என்ன பருப்பு என்று எழுதிவிடுங்கள். பாதாம் பட்டர் அரைக்கும் ஜாரில்தான் முன்பு கடலையும் அரைத்தீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் தனி ஜாரே வைத்துக்கொள்ளலாம், ரப்பர் வளையத்தில் ஒட்டியது சோப்பு போட்டாலும் முழுக்கப் போய்விட்டது என்று நம்ப முடியாது. சின்னக் குழந்தைகளுக்குக் கரண்டியோடு கட்டியாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் ஒட்டி மூச்சடைக்கும். மெல்லிசாகத் தடவியோ கூழில் கரைத்தோதான் கொடுக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது கூடவே கூடாது.

அளவும் நினைவிருக்கட்டும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 16 கிராம், ஏறக்குறைய 95 கலோரி. சூடாக ஜாரிலிருந்து நேராக வழித்துச் சாப்பிடும்போது இந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் நினைவுக்கு வந்ததில்லை.

கடைசியாக, அந்த ஜாரைக் கழுவ வேண்டுமே. நேராகக் குழாயடியில் நீட்டினால் தண்ணீர் பட்ட விழுது பிளேடைச் சுற்றிப் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், வடிகுழாயிலும் கொழுப்பு படியும். முதலில் கரண்டியால் முடிந்தவரை வழியுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலை ஜாரில் ஊற்றி, மூடி, பத்து வினாடி ஓட்டுங்கள். பிளேடுக்கு அடியில் ஒளிந்திருந்ததெல்லாம் பாலில் கரைந்து வந்துவிடும். பாலை நீங்கள் குடித்துவிட்டு, ஜாரைச் சோப்பும் வெந்நீரும் விட்டு இன்னொரு பத்து வினாடி ஓட்டிக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.